மனைவியின் நினைவாக ஒரு ஜன்னல்

இரண்டு படுக்கையறை, ஒழுகாத கூரை, பின்பக்கம் காய்த்துத் தொங்கும் கொய்யாமரம். இப்படியொரு வீடு தனக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்வதற்காக அருள்நாதன் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக டவுன்ஷிப் ஆபீசுக்கு வந்து நின்றார்.

குவார்ட்டர்ஸ் மேஜையில் இருந்த உமாராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தாள். அதே ஆள்தான்.

“சார், பதினோரு வருஷமா இந்த மேஜையில உக்காந்திருக்கேன். வீடு குடு, வீடு குடுன்னு என் உயிர எடுத்தவங்களத்தான் பாத்திருக்கேன். குடுத்த வீட்ட வாங்கிக்கங்கன்னு நான் ஒருத்தர்கிட்ட கெஞ்சறது இதான் மொத தடவ.”

“புரியுதும்மா. ஆனா அந்த பிளாக்குலருந்து மைன்ஸ் பஸ்ஸு ரொம்ப தூரம்…”

“இத திங்கக்கெழமையே சொல்லிட்டீங்க. பஸ் ஸ்டாப்பே அந்த வீட்டு கேட்டு முன்னாடிதான் இருக்குன்னு நானும் சொல்லிட்டேன்.”

“முழங்காலு வேற. படி ஏற முடியல.”

“அது புதன்கெழமை. கிரவுண்ட் ஃப்ளோர் சார் அது. உங்கள யாரு மொட்டமாடிக்கு ஏறச் சொன்னா?”

அருள்நாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. சுரங்கத்திலிருந்து நிலக்கரியை ஏற்றி வருகிற கன்வேயர் பெல்ட்டுகளைக் கவனிக்கும் ஃபோர்மேன். எதையும் முறையாகச் செய்கிற மனிதர். வீடு வேண்டாம் என்பதற்கான காரணங்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மூன்று என்றும் போட்டிருந்தார். அதற்கு எதிரே காலியாக இருந்தது. வருகிற வழியில் ஏதாவது தோன்றும் என்று நம்பி வந்தார். தோன்றவில்லை.

“வேற காரணம் இல்லைன்னா சாவிய வாங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க சார். எனக்குப் பின்னாடி பதினாறு ஃபைல் கெடக்குது.”

அவள் ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பினாள். பேனாவையும் நீட்டினாள். அருள்நாதன் அதை வாங்காமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அந்த வார்த்தை அவர் அனுமதி கேட்காமல் வெளியே வந்தது.

“என் வூட்டம்மா… லூர்து… வாழ்ந்த வூடும்மா அது. அத உட்டுட்டு நான் எப்படி…”

உமாராணியின் கை அப்படியே நின்றது. பக்கத்து மேஜைக்காரர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?” என்றாள் உமாராணி. குரல் இறங்கிவிட்டது. “எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்பறேன்.”

எழுதுவதென்றால் அருள்நாதனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தாளை மடித்து ஓரம் விட்டு, முத்து முத்தாக எழுதினார்.

‘மதிப்பிற்குரிய ஐயா, கடந்த இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் குடியிருக்கும் வீட்டில்தான் என் அன்பு மனைவி லூர்துமேரி வாழ்ந்து மறைந்தாள். அவள் நினைவு நிறைந்த இவ்வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் எனக்கு அவளே. ஆகவே பெரிய குவார்ட்டர்ஸ் எனக்கு ஒதுக்கப்பட்டதைத் தயைகூர்ந்து ரத்து செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.’

எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை. உண்மையும் இல்லை.

அருள்நாதனால் விட்டுப் போக முடியாதது அவருடைய வீடு அல்ல, எதிர் வீடு.

செண்பகத் தெருவில் குவார்ட்டர்ஸ்கள் இரண்டு வரிசையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு மினி லாரி போகிற அகலத்துக்கு ரோடு. தெற்கு வரிசையில் அருள்நாதன் வீடு. அதற்கு நேர் எதிரே, வடக்கு வரிசையில், பழனிசாமி வீடு. பழனிசாமியின் மனைவி தேவயானி.

முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் மெயின் பஜார் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தேவயானிக்கு ஆறாம் நம்பர் மெஷின். அருள்நாதனுக்கு ஏழாம் நம்பர். ஒருநாள் அவள் ரிப்பன் மாற்றுகிற சாக்கில் குனிந்து, “எங்கப்பாகிட்ட வந்து பேசறீங்களா?” என்று கேட்டாள். அப்போது அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். “பெர்மனென்ட் ஆவட்டும், வந்து பேசறேன்” என்றார். முறையான மனிதர் வேறெப்படிச் சொல்வார்? அவர் பெர்மனென்ட் ஆக மூன்று வருஷம் பிடித்தது. தேவயானியின் அப்பா அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ஈரோட்டுப் பக்கச் சொந்தத்தில், ஏற்கனவே பெர்மனென்ட் ஆகிவிட்ட பழனிசாமி தயாராக இருந்தார்.

பிறகு அருள்நாதனுக்கும் கடலூரில் பெண் பார்த்து லூர்துமேரியைக் கட்டிவைத்தார்கள். குவார்ட்டர்ஸ் முறை வந்தபோது மேஜைமேல் மூன்று சாவி வைத்து, போய்ப் பார்த்துவிட்டு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சைக்கிளில் போய் மூன்றையும் பார்த்தார்கள். லூர்துமேரிக்குப் பிடித்தது புங்கமர நிழலில் இருந்த வீடு. மூன்றாவதாகப் பார்த்த செண்பகத் தெரு வீட்டின் எதிரே, கேட்டுக்குப் பக்கத்தில், ஒருத்தி ரப்பர் டியூபைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அருள்நாதன் சைக்கிளை விட்டு இறங்க மறந்தார்.

திரும்பிவந்து அவர் கை எடுத்தது அந்தச் சாவியைத்தான்.

“மூணுலயும் இதுலதாங்க செவுத்துல ஓதம் அதிகமா இருக்குது” என்றாள் லூர்துமேரி மெதுவாக.

“பஸ்ஸுக்குக் கிட்ட” என்றார் அவர்.

அவள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

காதலுக்காக வேலையை விட்டவர்கள் உண்டு, ஊரை விட்டவர்கள் உண்டு. அருள்நாதன் ஒரு சாவியை எடுத்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் வேறொன்றும் செய்யவில்லை. காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். தேவயானி குழாயில் டியூபை மாட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுவாள். அருள்நாதன் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வருஷத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ பேச்சும் உண்டு. “தண்ணி வந்துடுச்சுங்களா?” என்பார் இவர். “வந்துடுச்சுங்க” என்பாள் அவள். காலப்போக்கில் தேவயானி நன்றாகக் கனத்துவிட்டாள். காக்கையோடும் கேபிள்காரரோடும் ஒரே குரலில் சண்டை போட்டாள். படி இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “முருகா” என்றாள். அருள்நாதனுக்கு எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

வருஷா வருஷம் பெரிய வீட்டுக்கு விருப்பம் கேட்டு சர்க்குலர் வரும். அருள்நாதன் அதை நான்காக மடித்து டிரங்குப் பெட்டிக்குள் போடுவார். அவருக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தவர்களெல்லாம் மாறிப் போனார்கள். லூர்துமேரி ஒருதடவைகூட, ‘நாமும் போகலாமே’ என்று கேட்டதில்லை. கேட்காத பெண்டாட்டி வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்று அருள்நாதன் நினைத்துக்கொண்டார். மழைக்காலத்தில் சுவரெல்லாம் வேர்க்கும். ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் லூர்துமேரி பாத்திரம் வைப்பாள். இருமுவாள். பாத்திரத்தை மாற்றி வைப்பாள். பத்து மாதத்துக்கு முன்னால் அந்த இருமல் நின்றது. அவளும் நின்றுபோனாள்.

கடிதம் கொடுத்த மறுநாள் ஜெனரல் ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறிய அருள்நாதனுக்கு முன்வரிசையில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். உமாராணி உணர்ச்சிவசப்பட்டு அந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள் என்பது அவருக்குச் சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் தெரிந்தது.

பெல்ட் ஆபரேட்டர் வெங்கடேஷ் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தான்.

“அண்ணே, நல்லா இருப்பீங்க. உங்களால எங்கூட்டுல அடுப்பு எரியல.”

“நான் இன்னாடா பண்ணேன்?”

“உங்க லெட்டர நேத்து எம்பொண்டாட்டி சத்தம் போட்டுப் படிக்கிறா. படிச்சிட்டு, ‘நான் செத்துட்டா நீ இந்த வூட்டுலயே இருப்பியா?’ன்றா. ‘ரிட்டயர்டு ஆனா காலி பண்ணணுமே’ன்னேன். அம்புட்டுதாண்ணே. தட்டத் தூக்கிட்டா.”

“அடப்பாவி.”

“ஒவ்வொரு செங்கல்லும் அவளேன்னு எழுதியிருக்கீங்களே, எத்தினி செங்கல்லுண்ணே? எண்ணினீங்களா? எங்கூட்டுல எண்ணச் சொல்றா.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் மகள் மெர்லின் நின்றுகொண்டிருந்தாள். குறிஞ்சிப்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள்.

“என்ன மன்னிச்சிடுப்பா. ஆன்லைன்ல உன் நம்பரப் போட்டுப் பெரிய வீட்டுக்கு எழுதினது நான்தான். அம்மாதான் இந்த ஓதத்துலயே போயிட்டாங்க, நீயாச்சும் நல்ல வீட்டுல இருக்கட்டும்னு போட்டேன். உன் மனசுல இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுப்பா. நீ அம்மாகூட நாலு வார்த்த சேந்தாப்புல பேசிகூட நான் பாத்ததில்ல. உள்ளுக்குள்ள இவ்ளோ வச்சிக்கினு இருந்திருக்கியே!”

அருள்நாதன் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

மெர்லின் வெறுங்கையோடு வரவில்லை. ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் ஒரு படத்தை இறக்கினார்கள். லூர்துமேரியின் படம். நாலடி உயரம், மூன்றடி அகலம், சுற்றிலும் சீரியல் பல்பு.

“எங்கப்பா மாட்டலாம்?”

ஹாலில் ஆணி அடித்தார்கள். ஓதம் ஏறிய சுவர், ஆணியோடு ஒரு கை அகலத்துக்குக் காரையும் பெயர்ந்து விழுந்தது. அடுத்த சுவரிலும் அப்படியே. அந்த வீட்டில் கனம் தாங்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ஜன்னல் கம்பி.

“அங்க வேணாம்மா” என்றார் அருள்நாதன் பதறிப்போய். “காத்து வராது.”

“அம்மாவ விடக் காத்தாப்பா முக்கியம்?”

ஒவ்வொரு செங்கல்லும் அவளே என்று எழுதிக் கொடுத்த மனிதரால் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? படம் ஜன்னலை முழுசாக மூடிக்கொண்டு நின்றது. பல்பு சிவப்பும் பச்சையுமாக ஓடியது. மெர்லின் திருப்தியாக ஊருக்குப் போனாள், ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து மாலை மாற்றுவதாகச் சொல்லிவிட்டு.

மறுநாள் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது. டியூபைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. அருள்நாதன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதிரே லூர்துமேரிதான் இருந்தாள்.

அடுத்த வாரம் மாதா கோயில் அன்பியக் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேர் ஜெபமாலை சொல்ல வந்துவிட்டார்கள். தலைவி அமிர்தம், படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அருள்நாதனை நடுவில் உட்காரவைத்தாள்.

“அண்ணே, உங்களப்போல ஒரு புருஷன் கெடைக்க லூர்து அக்கா குடுத்து வச்சிருக்கணும். அக்காவுக்கு ரொம்பப் புடிச்சது எதுன்னு சொல்லுங்க. அதச் சொல்லி ஜெபிப்போம்.”

அருள்நாதன் வாயைத் திறந்தார். தேவயானியின் டியூபில் எத்தனை இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பார், நான்கு. எந்த மழையில் அவள் வீட்டுச் செம்பருத்தி சாய்ந்தது என்பதும் தெரியும். லூர்துமேரிக்கு என்ன பிடிக்கும்? இருபத்தொன்பது வருஷம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள். சோறு போட்டவள். அவள் எதைக் கடைசியில் சாப்பிட எடுத்து வைப்பாள், எதைப் பார்த்தால் சிரிப்பாள்? உள்ளே தேடத் தேட ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

“மல்லிப்பூ” என்றார்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அக்காவுக்கு மல்லிப்பூ வாசன ஆவாதேண்ணே. தலவலி வருதுன்னு கோயில்லகூட எங்களுக்குத் தள்ளித்தானே உக்காருவாங்க?” என்றாள் ஒருத்தி.

அமிர்தம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாவம். துக்கத்துல மனுசனுக்கு எல்லாமே மறந்துபோச்சு பாருங்கடி.”

பன்னிரண்டு பேரும் அழுதார்கள். அருள்நாதனும் அழுதார். அவர் அழுத காரணம் வேறு.

அவர்கள் போனபிறகு படத்துக்கு முன்னால் நின்றார். மெர்லின் கல்யாணத்தில் எடுத்த படம். கூட நின்றவர்களை வெட்டிவிட்டு லூர்துமேரியை மட்டும் பெரிசாக்கியிருந்தார்கள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாராக இருக்கும் என்று குனிந்து பார்த்தார். வெட்டிய ஓரத்தில் ஒரு சந்தனக் கலர் சட்டைக்கை கொஞ்சம் தெரிந்தது. அந்தச் சட்டை இன்னும் அவருடைய பீரோவில் இருக்கிறது.

விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்தார். இந்தப் படத்துக்கு எதிரில் காலையும் மாலையும் உட்கார அவரால் ஆகாது. படத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் ஒரு சுவராவது ஆணி தாங்க வேண்டும். ஆகவே முறைப்படி யூனியன் செயலாளர் அய்யாசாமியிடம் போனார்.

“ஒண்ணும் பெருசா இல்லைங்க. ஹால்ல ஒரே ஒரு செவுரு. கொஞ்சம் பூசிக் குடுத்தாங்கன்னா போதும்.”

“ஒரு செவுரா?” அய்யாசாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சும்மா பேசும்போதும் கேட் மீட்டிங் குரல்தான் அவருக்கு. “தோழரே, இது ஒரு செவுத்துப் பிரச்சன இல்ல. ஒரு தொழிலாளி தன் மனைவி படத்த மாட்ட ஆணி எறங்காத செவுரு! இத நாங்க உட மாட்டோம்.”

“ஐயோ, உட்டுடுங்க தோழரே. நானே சிமெண்டு வாங்கிப் பூசிக்கிறேன்.”

“உங்க பெருந்தன்ம அது. எங்க கடம இது.”

ஒரே நாளில் செண்பகத் தெருவின் இரண்டு வரிசைக்கும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். கோரிக்கை மனுவோடு அருள்நாதனின் கடிதத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்தார். மேலே போன மனு, பத்தே நாளில் ஒரு சின்ன வயசு சிவில் என்ஜினியராகக் கீழே வந்தது. பெயர் ஹரிணி. தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் ஒரு கம்பு.

அவள் கம்பால் கூரையை ஒரு தட்டுத் தட்டினாள். அரைக்கூடை காரை உதிர்ந்தது. துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டியது. இன்னொரு இடத்தில் தட்டினாள். அதற்கப்புறம் தட்டுவதை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

“சார், இதுக்குள்ள எப்படி சார் இத்தன வருஷம் இருந்தீங்க?”

“இருந்தோம்மா. ரெண்டு பேரு இருந்தோம். இப்ப நான் மட்டும் இருக்கேன்” என்றார் அருள்நாதன்.

அவள் கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். வரிசையாக எல்லா வீட்டுக் கூரையையும் தட்டிப் பார்த்து, பிற்பகல் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினாள். ஒரு வாரத்தில் தெருமுனைக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். செண்பகத் தெருவின் இரண்டு வரிசையும் குடியிருக்கத் தகுதியற்றவை. முப்பது நாளில் அனைவரும் காலி செய்ய வேண்டும். மாற்று வீடு தரப்படும்.

இரண்டு வரிசையும் என்ற இடத்தை அருள்நாதன் விரல் வைத்துப் படித்தார். நாலு தடவை படித்தார்.

அதற்குள் தெருவே திரண்டுவிட்டது. அய்யாசாமி எங்கிருந்தோ ஒரு சால்வையோடு ஓடிவந்து அவர் தோளில் போட்டார்.

“வெற்றி தோழரே! நாப்பது குடும்பத்துக்கும் ஒழுவாத வூடு! எல்லாம் உங்க லூர்தம்மா புண்ணியம்!”

கைதட்டினார்கள். யாரோ ஜிலேபி வாங்கி வந்து அவர் வாயிலேயே ஒன்றை ஊட்டினார்கள். அதை விழுங்க அவர் பட்ட பாடு, பார்த்தவர்களுக்கு ஆனந்தக் கண்ணீராகத் தெரிந்தது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு உமாராணியிடம் ஓடினார்.

“அம்மா, அந்த லெட்டரக் கிழிச்சிடு. அதுல எழுதினது பொய்யி.”

“என்ன சார் சொல்றீங்க?”

“நான் என் வூட்டம்மாவுக்காக அங்க இருக்கல. அவள நான் சரியா மொகம் குடுத்துப் பாத்ததுகூட இல்ல.”

உமாராணி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

“எங்க அப்பாவும் அம்மா போனப்புறம் இப்படித்தான் சார் தன்னையே திட்டிக்கிட்டாரு. நல்லவங்களுக்குத்தான் இந்தக் குத்த உணர்ச்சியெல்லாம் வரும். தண்ணி குடிங்க.”

“இல்லம்மா, நிஜமாவே…”

“சரி, அவங்களுக்காக இல்லன்னா, வேற யாருக்காக சார் அந்த இடிஞ்ச வீட்டுல உக்காந்திருந்தீங்க?”

அருள்நாதன் தண்ணீரைக் குடித்தார். முழு பாட்டிலையும் குடித்தார். பிறகு ரிஜிஸ்டரில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொய்யாமர வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தார். பழனிசாமிக்கு டவுன்ஷிப்பின் இன்னொரு கோடியில், ஆர்ச் கேட் தாண்டி, வீடு போட்டிருந்தார்கள்.

முப்பது நாளில் தெரு கொஞ்சம் கொஞ்சமாக வெறிச்சோடியது. தினம் ஒரு மினி லாரி வந்தது. கட்டில், பீரோ, பூந்தொட்டி என்று ஏறிப் போயின. கடைசி வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு வாசலில் லாரி நின்றது. அருள்நாதன் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தார். பன்னிரண்டு அடி ரோடு. எதிர்வீட்டுக் கேட்டைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

தேவயானி முழங்காலைப் பிடித்துக்கொண்டு லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் டியூபைச் சுருட்டி வைத்திருந்தாள்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்ததையே கேட்டார்.

“தண்ணி வந்துடுச்சுங்களா?”

“இல்லீங்க. நேத்தோட லைன நிறுத்திட்டாங்களாம்” என்றாள் தேவயானி. பிறகு பின்பக்கம் திரும்பி, “ஏனுங்க, மிக்ஸி மேல பெட்டிய வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!” என்று சத்தம் போட்டாள்.

சத்தத்துக்கு உரியவரான பழனிசாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரிட்டயராக இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது அவருக்கு. யாரோடும் சேர்ந்து சிரிக்கக்கூடிய மனிதர்.

“வாங்க ஃபோர்மேன், வாங்க! நானே வந்து சொல்லிட்டுப் போலாம்னு இருந்தனுங்க.”

“என்னாலதாங்க உங்களுக்கு இந்த அலைச்சல்” என்றார் அருள்நாதன். “ரிட்டயர்டு ஆவற நேரத்துல வூடு மாத்த வச்சிட்டேன். மன்னிச்சிக்கணும்.”

“அட, நீங்க வேறங்க! இத மொதல்லயே செஞ்சிருந்தா உங்களுக்குச் சிலையே வெச்சிருப்பனுங்க.” பழனிசாமி அவரைக் கொஞ்சம் தள்ளி, உதிர்ந்து கிடந்த செம்பருத்தி ஓரமாகக் கூட்டிப்போனார். “எனக்கு மூணு தடவ பெரிய குவார்ட்டர்ஸ் ஆர்டர் வந்துச்சுங்க. தெரியுமுங்களா? மூணையும் திருப்பிக் குடுத்தேன்.”

அருள்நாதன் நின்றுவிட்டார்.

“திருப்பிக் குடுத்தீங்களா? ஏங்க?”

“பொம்பளயாளு கண்ணு கலங்கி நின்னா நாம என்ன பண்றதுங்க? எல்லாம் உங்கமேல வெச்ச பிரியந்தானுங்க.” பழனிசாமி சிரித்தார். கோபமெல்லாம் இல்லை. “எனக்கும் வெவரம் தெரியுமுங்க. டைப்ரைட்டிங் கதையெல்லாம் கல்யாணத்தன்னிக்கே எங்காதுக்கு வந்திருச்சு. நீங்க ஜன்னல்ல உக்காந்திருக்கறதும் தெரியும். உக்காந்திருக்கறாரு, உக்காந்துட்டுப் போறாருன்னு உட்டுட்டனுங்க.”

அருள்நாதனுக்கு வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை. லாரியின் முன்சீட்டைப் பார்த்தார். தேவயானி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை! இவர் சர்க்குலரை மடித்து மடித்துப் பெட்டியில் போட்டபோதெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி கண் கலங்கி நின்றிருக்கிறாள். ஒழுகின கூரை, வேர்த்த சுவர், வாங்காத வீடு, எல்லாவற்றுக்கும் இன்றைக்கு ஒரு அர்த்தம் வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் வீணில்லை. ஒரு நிமிஷம், வாழ்க்கையில் ஒரே ஒரு நிமிஷம், அருள்நாதன் நிமிர்ந்து நின்றார்.

“அவங்க…” என்றார், லாரிப் பக்கம் தலையை மட்டும் அசைத்து. “அவங்களா வேணாம்னாங்க?”

“ஆரு, இவளா?” பழனிசாமி வாய்விட்டுச் சிரித்தார். “இவ மூணு தடவையும் ஆர்டர் வந்த அன்னிக்கே பாத்திரத்தையெல்லாம் சாக்குல கட்டிட்டாளுங்க! ஒவ்வொரு தடவையும் எங்க வாசல்ல வந்து நின்னு, ‘நீங்க போயிட்டா எங்கூட்டுக்காரரு எதப் பாத்துக்கினு உக்காந்திருப்பாரு, பெரிய மனசு பண்ணி இருங்க’ன்னு கேட்டுக்கிட்டது உங்க லூர்தம்மாதானுங்க.”